ஒன்பதாம் கோப்பு

ஆற்றுக்குப் பயந்து கட்டிய கட்டடம் அது. அணைக்கும் கடலுக்கும் நடுவே, ஒரு மேட்டின் மேல், ஒரே ஓர் அறை. அறைக்குள் ஒரு கணினி. அணையைத் திறந்தால் கரையோர ஊர்களில் அபாயச் சங்கு ஊத வேண்டும். ஊதச் சொல்வது அந்தக் கணினி. எந்த ஊரில், எவ்வளவு தண்ணீர் வந்தால், எத்தனை நிமிடம் ஊத வேண்டும் என்று அதற்குச் சொல்வது ஒரு கோப்பு.

மூவாயிரத்து இருநூறு வரிகள். ஒரே கோப்பு.

அங்கே வேலை பார்த்தவர்கள் அதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"பெரியவரைத் தொட்டியா?"

"ஐயோ, நான் அந்தப் பக்கமே போகலைப்பா."

ஆயுத பூஜையன்று கணினிக்குச் சந்தனம் வைக்கும்போதுகூட ஓரமாகத்தான் வைத்தார்கள். விரல் தவறி ஏதாவது எழுத்தை அமுக்கிவிடக் கூடாதே.

வேதமாணிக்கம் அங்கே வேலைக்கு வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. தொலைபேசி நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கி, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து கணினி படித்தவர். அவருக்கு வேலை கற்றுக்கொடுக்க வேண்டியவள் மங்கையர்க்கரசி. அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவள். அவர் அவளை மேடம் என்றார். அவள் அவரை சார் என்றாள். குரு யார், சீடர் யார் என்று வெளியாளுக்குத் தெரிய வழியில்லை.

முதல் நாள் அவள் சொன்னது இவ்வளவுதான்.

"படிங்க சார். கை வைக்க வேண்டாம். படிங்க."

ஒரு வாரம் படித்தார். நடுநடுவே கணினி கண்டுகொள்ளாத வரிகள் இருந்தன. முன்னால் ஒரு குறி போட்டு, பின்னால் வருகிற மனிதர்களுக்காக எழுதிவைத்தவை.

‘இது எதற்கென்று தெரியவில்லை. எடுத்தால் எல்லாம் நின்றுவிடுகிறது. எடுக்காதீர்கள்.’

அதன் கீழே வேறொருவர்: ‘எடுத்துப் பார்த்தேன். உண்மைதான்.’

அதற்குச் சிரித்தார். ஆயிரத்து எண்ணூற்று நாற்பதாம் வரிக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே ஒரே ஒரு சொல் இருந்தது.

‘தொடாதே.’

காரணம் இல்லை. பெயர் இல்லை.

"இது யார் எழுதினது மேடம்?"

"மேலே படிங்க சார்."

அந்த வரிக்குப் பின்னால் இருந்த கதையைக் காவலாளிதான் அவருக்குச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசியில், பள்ளக்காடு என்ற ஊரின் சங்கு இன்னும் ஒரு நிமிடம் அதிகமாக ஊதட்டும் என்று யாரோ ஒரு வரியை மாற்றினார்கள். ஓர் அடைப்புக்குறியை மூட மறந்துபோனார்கள். ஓரிடத்தில் பிசகினால் கணினி முழுக் கோப்பையும் தள்ளிவிடும். எங்கே பிசகு என்றும் சொல்லவில்லை. ஆற்றோரம் முழுவதும் ஊமையாக இருந்தது. பள்ளக்காட்டில் புல்லறுக்க இறங்கிய பொன்னுருவி என்ற பெண் தண்ணீரோடு போனாள். சங்குக் கம்பமும் போயிற்று.

"மாத்தினது யாரு?" என்று கேட்டார் வேதமாணிக்கம்.

"அதையெல்லாம் இங்கே யாரும் கேக்கிறதில்லே சார்" என்றார் காவலாளி.

அதற்குப் பிறகு பள்ளக்காட்டுக்குச் சங்கு இல்லை. அணை திறக்கும்போதெல்லாம் ஆள் வண்டியில் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். போன மாதம்தான் புதுக் கம்பம் நட்டார்கள். கம்பம் நின்றது. கோப்பில் அதற்கு ஒரு வரி இல்லை.

"அதை நீங்க சேருங்க சார்" என்றாள் மங்கையர்க்கரசி.

நான்கு நாள் முயன்றார். பெரியவரைத் திறப்பார். கடைசி வரிக்குப் போவார். பள்ளக்காடு என்று தட்டுவார். விரல் நடுங்கும். சேமிக்காமல் மூடிவிடுவார். வீட்டில் சோற்றைப் பிசையும்போதும் அடைப்புக்குறி மூடினோமா என்று நினைவு வரும். பார்த்தேயிராத ஒரு பெண்ணின் பெயர் வாய்க்குள் வந்து நிற்கும்.

ஐந்தாம் நாள் கேட்டார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"எல்லாம் ஒரே கோப்பிலே இருக்கிறது நல்லதா? சின்னச் சின்னதாப் பிரிச்சு வைக்கிறது நல்லதா?"

அவள் எழுந்தாள். பெரியவரை அச்செடுத்தாள். அறுபது தாள். ஒன்றின் அடியில் ஒன்றாக ஒட்டினாள். அது அறையைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, படிக்கட்டில் இறங்கி முற்றத்தில் போய்க் கிடந்தது. அவர் கையில் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்தாள்.

"வெட்டுங்க."

"எங்கே மேடம்?"

"கத்தரியை வைக்கும்போது எங்கே கை நடுங்கலையோ, அங்கே."

மண்டியிட்டுத் தவழ்ந்துகொண்டே போனார். ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கும் இடத்தில் கை நடுங்கவில்லை. அங்கே வெட்டினார். தொலைபேசி எண்கள் முடிந்து அணையின் அளவுகள் தொடங்கும் இடத்தில் வெட்டினார். வெட்ட வெட்ட எண் போட்டுக்கொண்டே வந்தார். மொத்தம் நாற்பத்து இரண்டு துண்டு. நாற்பத்து மூன்றாவதைப் பென்சிலால் தானே எழுதினார். பள்ளக்காடு. பதினொரு வரி. ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. அடைப்புக்குறியின் இரண்டு முனையும் ஒரே பார்வையில் தெரிந்தன. மனிதருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஆற்றுப் பக்கத்திலிருந்து ஒரு காற்று. துண்டுகள் முற்றமெங்கும் பறந்தன. முருங்கையில் இரண்டு மாட்டின. வேதமாணிக்கம் ஓடி ஓடிப் பொறுக்கினார். அவள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ எது முதல், எது அப்புறம் சார்?"

"வெட்டும்போதே நம்பர் போட்டுட்டேனே!" மூச்சிரைத்தது. "ஒண்ணு முதல் நாப்பத்து மூணு வரைக்கும். தொலையாது."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். என்னவென்று தனக்கே பிடிபடாதவள் போல நிறுத்திக்கொண்டாள்.

"திங்கக்கிழமை பார்ப்போம்."

திங்கட்கிழமைதோறும் பதினோரு மணிக்குச் சங்கின் குரலைப் பார்ப்பது அங்கே வழக்கம். எல்லா ஊரிலும் மூன்று வினாடி ஊதும். ஊருக்கு ஒருவர், காதில் விழுந்ததும் போன் செய்து சொல்வார். பள்ளக்காட்டில் சொல்வதற்கு இப்போது டீக்கடை அன்னக்கொடியை வைத்திருந்தார்கள். பொன்னுருவியின் அக்காள். அவளாகவே கேட்டு வாங்கிய வேலை.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வேதமாணிக்கம் பெரியவரை எடுத்து வேறிடத்தில் வைத்தார். வெட்டிய துண்டுகளைக் கோப்புகளாக்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயரிட்டு, நாற்பத்து மூன்றையும் அதன் இடத்தில் வைத்தார். கணினி முனகாமல் ஏற்றுக்கொண்டது.

பத்தே முக்காலுக்கு அணையிலிருந்து போன்.

"மேலே பேய் மழை மேடம். சொல்லிட்டு வர்ற மழை இல்லே. பதினொண்ணேகாலுக்குத் திறந்துடுவோம்."

பதினொன்றேகாலுக்குத் திறந்தால் பதினொன்றே முக்காலுக்குப் பள்ளக்காட்டில் தண்ணீர். அந்த ஊர்தான் எல்லாவற்றிலும் தாழ்ந்தது.

பதினோரு மணிக்கு வேதமாணிக்கம் பொத்தானை அமுக்கினார். சுவரில் இருந்த பலகையில் ஊருக்கு ஒன்றாக முப்பத்து நான்கு விளக்கும் பச்சையாக எரிந்தன. சங்குக்கு ஆணை போய்ச் சேர்ந்ததா என்பதை மட்டுமே அந்தப் பலகை காட்டும்.

போன் அடிக்கவில்லை. வழக்கமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கும் நேரம்.

ஒரு நிமிடம் போயிற்று.

அடித்தது. அவர் ஒலிபெருக்கியில் போட்டார்.

"என்ன சார்? பதினொண்ணு தாண்டிடுச்சு." அன்னக்கொடி. "புதுச் சங்குக்குத் தொண்டை கட்டிக்கிச்சா? சுக்குக் காப்பி போட்டு அனுப்பட்டுமா?"

"ஊதலையாம்மா?"

"ஊதினா நான் எதுக்கு சார் காசு போட்டுப் பேசறேன்?"

வேதமாணிக்கம் ஒலிபெருக்கியின் பக்கம் குனிந்தார். "அம்மா, நல்லாக் கேளுங்க. அணையைத் திறக்கப் போறாங்க. தண்ணி வருது. ஆத்திலே யாராவது இருக்காங்களா?"

அந்தப் பக்கம் கேலி அறுந்துபோயிற்று.

"பத்துப் பன்னண்டு பொம்பளைங்க புல்லறுக்க இறங்கியிருக்காங்க சார். ஆளுக்கொரு பக்கம். ரெண்டு மைலுக்குப் பரந்து கிடக்காங்க." பிறகு கத்தினாள். "நான் கூப்பிட்டா எத்தனை பேருக்குக் கேக்கும்? ஊதுங்க சார்! ஊதித் தொலைங்களேன்!"

போனை எங்கோ போட்டுவிட்டு ஓடியது கேட்டது. அது அணையவில்லை. கடையில் பால் பொங்குகிற சத்தம் ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது.

இன்னொரு போன் அடித்தது. எடுத்தார். "ஊதலை சார்." இன்னொன்று. "இங்கேயும் ஊதலை." ஒரே ஊர் அல்ல. ஆறு முழுவதும் ஊமை.

அவர் கை பெரியவரை வைத்திருந்த இடத்துக்குப் போயிற்று.

"பழசையே வெச்சுடறேன் மேடம். நான் கெட்டேன். பழசை வெச்சுடறேன்."

"வெச்சா முப்பத்து மூணு ஊர் ஊதும்" என்றாள் அவள்.

அவர் கை நின்றது. பெரியவரிடம் பள்ளக்காடு இல்லை.

"அஞ்சு நிமிஷம் தேடுங்க. கிடைக்கலைன்னா பெரியவரை வையுங்க. மதகு திறக்கிறதுக்குள்ளே மத்த ஊருக்குக் கேட்டுடும்."

"பள்ளக்காட்டுக்கு?"

அவள் ஆணியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்தாள். பள்ளக்காட்டுக்கு நாற்பது நிமிடப் பாதை. மழைச்சேற்றில் எவ்வளவோ. சாவிக்கொத்து கிலுகிலுவென்று சத்தம் போட்டது. அவள் நடக்கவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தாள். ஆனாலும் சாவி சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது.

அவளுக்குப் பயமே கிடையாது என்று அதுவரை அவர் நினைத்திருந்தார்.

"கோப்புகளை எந்த வரிசையிலே படிச்சதுன்னு கணினியையே கேளுங்க சார்."

கேட்டார். திரையில் எண்கள் வரிசையாக விழுந்தன.

"சத்தமாப் படிங்க."

"ஒண்ணு. பத்து. பதினொண்ணு. பன்னண்டு…" நிறுத்தினார். "மேடம், தப்பா இருக்கு. ஒண்ணுக்கு அடுத்தாப்லே பத்து வருது."

"படிங்க."

"பத்தொம்பது. ரெண்டு. இருபது. இருபத்தொண்ணு…"  அகராதியில் சொற்கள் நிற்கிற மாதிரி அது அடுக்கியிருந்தது. ஒன்று என்ற இலக்கத்தில் தொடங்குவதெல்லாம் ஒரு கூட்டம். இரண்டில் தொடங்குவதெல்லாம் அடுத்த கூட்டம். மனிதன் எண்ணுகிறபடி அதற்கு எண்ணத் தெரியவில்லை. "நாலு. நாப்பது… நாப்பத்து மூணு. அஞ்சு. ஆறு. ஏழு. எட்டு."

"கடைசியிலே எது?"

"ஒம்பது."

ஒன்பதாம் கோப்பைத் திறந்தார். ஆறே வரி. ஒத்திகைக்காக எப்போதோ யாரோ எழுதியது. எல்லாச் சங்கும் ஊமை என்றது அது. பெரியவருக்குள் அது மேலே எங்கோ கிடந்தது. அதற்குக் கீழே ஒவ்வோர் ஊரும் ‘ஊது’ என்று சொல்லிக்கொண்டு வந்தது. கீழே இருப்பதுதான் செல்லும். அதனால் அத்தனை வருடமும் அந்த ஆறு வரிகளால் கெடுதல் இல்லை. இன்று எல்லா ஊரும் பேசி முடித்த பிறகு, கடைசி ஆளாக வந்து ஒன்பது பேசியிருந்தது.

"இது இப்போ வேணுமா மேடம்?"

"வேணாம்."

அந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்து வெளியே வைத்தார். மற்ற நாற்பத்து இரண்டும் தொடப்படாமல் இருந்தன. சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம் போயிருந்தது.

"ஊதுங்க" என்றாள்.

அமுக்கினார். பலகையில் எல்லாம் பச்சை. அந்தப் பச்சையை இருவரும் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். அதில் பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

பிறகு, வெகு தூரத்தில், முதலில் ஓர் ஈயின் ரீங்காரம் போல, அப்புறம் ஒரு பெரிய மிருகம் விழித்துக்கொண்டது போல, பள்ளக்காட்டின் சங்கு ஊதியது.

வேதமாணிக்கம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். சங்கை அவர் நிறுத்தவில்லை. நிறுத்து என்று அவளும் சொல்லவில்லை.

பதினொன்றே முக்காலுக்குத் தண்ணீர் பள்ளக்காட்டைக் கடந்தது.

மூன்று மணிக்கு அன்னக்கொடி பேசினாள். குரல் கட்டிப்போயிருந்தது.

"எண்ணியாச்சு சார். அத்தனை பேரும் மேட்டிலே. ஒரு வெள்ளாட்டுக் குட்டிதான் காணோம்னு பார்த்தா, மேட்டுக் கோயில்லே எனக்கு முன்னாடி வந்து நிக்குது." சிரிக்கப் பார்த்தாள். "பால் எல்லாம் போச்சு. உங்க கணக்கிலே எழுதிக்கிறேன்." பிறகு சிரிப்பை விட்டுவிட்டாள். "எங்க பொன்னுருவிக்கு இந்தச் சத்தம் கேக்கலையே சார்."

அவர் நிமிர்ந்தார். மங்கையர்க்கரசி சன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். வண்டிச் சாவி இன்னும் அவள் கைக்குள் இருந்தது.

சாயங்காலம் வரை அவர் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தார். ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வொன்றின் பெயருக்கும் முன்னால் ஒரு சுழியம் வைத்தார். வரிசையைக் கேட்டார். இம்முறை மனிதன் எண்ணுகிறபடி வந்தது. மறுபடியும் கேட்டார். மறுபடியும் அப்படியே வந்தது. பிறகு ஒன்பதாம் கோப்பைத் திரும்ப உள்ளே வைத்தார்.  அதன் தலையில், கணினி கண்டுகொள்ளாத ஒரு குறியைப் போட்டு, பின்னால் வருகிறவர்களுக்காக எழுதினார்.

‘பெயரின் முன்னால் உள்ள சுழியத்தை எடுத்தால் இந்தக் கோப்பு கடைசியில் போய் நிற்கும். அப்போது முப்பத்து நான்கு ஊரும் ஊமை. ஒரு முறை அப்படி ஆயிற்று. செய்தது நான். வேதமாணிக்கம்.’

முப்பத்து நான்கு ஊரிலும் மூன்று வினாடி ஊதிப் பார்த்தார். போன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தன.

மங்கையர்க்கரசி பின்னால் வந்து நின்று அந்த வரிகளைப் படித்தாள். திரும்பப் படித்தாள்.

"மேடம்."

"சொல்லுங்க."

"அன்னிக்குக் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலை. முன்னே எனக்கு ஒரு கோப்பைப் பார்த்துத்தான் பயம். இப்போ நாப்பத்து மூணைப் பார்த்தும் பயமா இருக்கு. ஒண்ணு நல்லதா, பலது நல்லதா?"

அவள் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வேறிடத்தில் எடுத்து வைத்திருந்த பெரியவரைத் திறந்தாள். கீழே கீழே இறங்கினாள். ஆயிரத்து எண்ணூற்று நாற்பதாம் வரியில் நின்றாள். தேட வேண்டியிருக்கவில்லை; போகத் தெரிந்த வீட்டுக்குப் போவது போலப் போனாள்.

‘தொடாதே.’

 வெளியே ஆறு இரைந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கு எது தப்புன்னு கண்டுபிடிக்க உங்களுக்கு எத்தனை நிமிஷம் ஆச்சு சார்?"

"நாலு மேடம்."

"எனக்கு அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் ஆச்சு."